ஊர் நோற்ற நோன்பு, வீடு நோற்கும் நோன்பு

மொராக்கோவின் பழைய நகரங்களில் ரமலான் நோன்பை ஒரு வீடு தனியாக நோற்றதில்லை. ஃபேஸ், மராக்கேஷ், சலே, தெத்துவான் போன்ற ஊர்களில், மதில் சூழ்ந்த பழைய பகுதிகளில் சஹர் என்ற விடியலுக்கு முந்தைய உணவு நேரத்துக்கு ஆட்களை எழுப்புவது நஃபார் என்பவரின் பொறுப்பு. நீண்ட பித்தளை எக்காளத்தை ஏந்தி, இருட்டுச் சந்துகளில் ஊதிக்கொண்டே நடப்பார். சில ஊர்களில் பள்ளிவாசல் மினாராவின் உச்சியிலிருந்தும் எக்காளம் ஒலித்தது. கைத்தா என்னும் சீவாளிக் குழலும் ஒலித்தது. முரசடித்து எழுப்பியவர்களும் உண்டு. மாதம் முழுக்க அவர்கள் யாரிடமும் கூலி கேட்பதில்லை. பெருநாள் வந்ததும் வீட்டுக்கு வீடு தானியமோ பணமோ கொடுத்து அந்தக் கணக்கைத் தீர்ப்பார்கள். மாலையில் சூரியன் மறைவதை அறிவிக்கப் பீரங்கி முழங்கியது. பின்னாளில் நகராட்சிச் சங்கு அந்த இடத்தை எடுத்துக்கொண்டது. எப்போது எழ வேண்டும், எப்போது வாய் நனைக்க வேண்டும் என்று வீட்டுக்குள் இருப்பவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க அவசியமே இல்லை. காது திறந்திருந்தால் போதும்.

ஒலி மட்டும் அல்ல, அடுப்பும் ஊருடையதுதான். தெருவுக்குத் தெரு ஃபர்ரான் என்ற பொது ரொட்டி அடுப்பு இருந்தது. வீட்டில் பிசைந்த மாவைப் பலகையில் வைத்துத் துணி மூடிச் சிறுவர்கள் தலையில் தூக்கிப் போவார்கள். எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்று அடுப்புக்காரருக்குப் பார்த்த மாத்திரத்தில் தெரியும். ரமலானுக்கு முந்தைய ஷஃபான் மாதத்தில் அந்த அடுப்புக்கு ஓய்வே கிடையாது. செல்லு என்ற சத்துப் பண்டத்துக்கான கோதுமை மாவும், பிஸ்கட் தட்டுகளும் வரிசையில் காத்திருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலே அரசு நிற்கிறது. பிறை தெரிந்ததா என்பதை அறநிலையங்களையும் இஸ்லாமிய விவகாரங்களையும் கவனிக்கும் அமைச்சகம் அறிவிக்கிறது. நாடு முழுக்க ஒரே நாளில் நோன்பு தொடங்குகிறது. அந்த மாதத்தில் அரசு அலுவலகங்கள் காலை 9 மணிக்குத் திறந்து மாலை 3 மணிக்கு மூடிவிடுகின்றன. 2018 முதல் ஆண்டு முழுவதும் கிரீன்விச் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஓடும் நாட்டுக் கடிகாரத்தை, ரமலான் மாதத்துக்கு மட்டும் ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளி வைக்கிறார்கள். இரண்டாம் ஹசன் மன்னர் 1963இல் தொடங்கி வைத்த ரமலான் மார்க்க உரைகள் இன்றும் மன்னரின் முன்னிலையில் நடக்கின்றன. ஒரு மாதத்துக்காக ஒரு நாடே தன் நேரத்தை மாற்றிக்கொள்கிறது.

இந்தப் பின்னணியை மனதில் வைத்துக்கொண்டுதான் பாஸ்டனை ஒட்டிய ரெவியரிலோ, நியூயார்க்கின் அஸ்டோரியாவிலோ, வர்ஜீனியாவின் வடபகுதியிலோ, ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோவிலோ வாழும் மொராக்கோக் குடும்பத்தின் ரமலானைப் பார்க்க வேண்டும். அங்கே நஃபார் இல்லை, பீரங்கி இல்லை, ஃபர்ரான் இல்லை. அலுவலகம் நேரத்தைக் குறைப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் மதிய உணவு மணி வழக்கம்போல் அடிக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இது எந்த மாதம் என்பதே தெரியாது. ஊர் செய்துவந்த ஒவ்வொரு வேலையையும் வீடு எடுத்துச் செய்தாக வேண்டும்: பிறையை முடிவுசெய்வது, ஆட்களை எழுப்புவது, நேரம் அறிவிப்பது, மாவைச் சுடுவது, இது சாதாரண மாதம் அல்ல என்று பிள்ளைகளுக்கு உணர்த்துவது. அமெரிக்காவில் குடியேறியவர்களின் பண்டிகைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாகச் சொல்வது, இவர்கள் சொந்த நாட்டுப் பாரம்பரியத்தைப் பத்திரமாகக் காத்து வருகிறார்கள் என்பது. சிலர் அதையே திருப்பிப் போட்டு, மூலத்தின் சாயம் வெளுத்த நகல் இது என்பார்கள். இரண்டு கூற்றும் ஒரே தவறிலிருந்து பிறப்பவை என்பது என் வாதம். மொராக்கோ அமெரிக்க வீட்டில் நாம் காணும் ரமலான் மொராக்கோவில் இருந்ததே இல்லை. ஊரின் பொறுப்புகள் ஒரு சமையலறைக்குள்ளும் ஒரு கூடத்துக்குள்ளும் குடிபுகுந்ததால் உண்டான புதிய ஏற்பாடு அது. அதன் வயது நாற்பது ஆண்டுகளைத் தாண்டாது.

நாற்பது ஆண்டு என்றால் ஆட்சேபம் எழும். அமெரிக்காவுக்கும் மொராக்கோவுக்கும் உள்ள உறவு அதைவிட எவ்வளவோ பழையதாயிற்றே என்பார்கள். உண்மைதான். 1528இல் ஃபுளோரிடா கரையில் இறங்கிய ஸ்பானியப் படையில், மொராக்கோவின் அஸெமூர் துறைமுகத்திலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்ட ஒருவர் இருந்தார். ஸ்பானியர் அவரை எஸ்தெவானிக்கோ என்று அழைத்தார்கள். அந்தப் படையில் உயிர் தப்பிய நால்வரில் அவர் ஒருவர். கண்டத்தின் குறுக்கே நடந்தே மெக்சிகோ சேர்ந்தார். 1777 டிசம்பரில் சுல்தான் மூன்றாம் முகம்மது தன் துறைமுகங்களை அமெரிக்கக் கப்பல்களுக்குத் திறந்துவிட்டார். 1786இல் நட்பு உடன்படிக்கை கையெழுத்தானது. ஜார்ஜியா கரையோரத் தீவுகளில் அடிமைப்பட்டுக் கிடந்த மேற்கு ஆப்பிரிக்க முஸ்லிம்களில் ஒருவரான சாலிஹ் பிலாலி ரமலான் நோன்பைத் தவறாமல் பிடித்தார் என்பதற்கு அவரை அடிமையாக வைத்திருந்த தோட்ட முதலாளியின் கடிதமே சாட்சி. 1805 டிசம்பர் 9ஆம் நாள், துனிசியாவிலிருந்து வந்த தூதர் நோன்பு வைத்திருந்ததால், அதிபர் ஜெஃபர்சன் பிற்பகல் மூன்றரை மணி விருந்தைச் சூரியன் மறையும் நேரத்துக்குத் தள்ளி வைத்தார். மதிக்கத்தக்க நிகழ்வுகள் இவை. இன்றைய குடும்பங்கள் தங்களுக்கு இந்த மண்ணில் வேர் உண்டு என்று காட்ட இவற்றை எடுத்துச் சொல்வதும் நியாயம். ஆனால் தனி மனிதர் ஒருவர் நோன்பு வைப்பது வேறு, ஒரு குடும்பம் தலைமுறையாக மாதத்தை நடத்திக் காட்டுவது வேறு. அடிமைமுறை குடும்பங்களைத் துண்டாடியது. சாலிஹ் பிலாலி காலத்து நோன்பை வீட்டு வழக்கமாகப் பின்வரும் தலைமுறைகளுக்குக் கைமாற்ற அது விடவில்லை.

வீட்டின் வரலாறு தொடங்குவதற்குச் சட்டம் மாற வேண்டியிருந்தது. 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம், நாட்டுவாரியாக இருந்த பழைய ஒதுக்கீட்டை ஒழித்துக் கதவைத் திறந்தது. மொராக்கோவிலிருந்து மாணவர்களும் தொழில் படித்தவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தார்கள். 1984இல் ஆர்லாண்டோவின் எப்காட் பூங்காவில் மொராக்கோ அரங்கம் திறக்கப்பட்டபோது, சுவர்களில் ஸெல்லிஜ் ஓடு பதிக்க மன்னர் இரண்டாம் ஹசன் கைவினைஞர்களை அனுப்பி வைத்தார். அரங்கத்தில் வேலை பார்க்க வந்தவர்களைச் சுற்றி அந்த ஊரில் ஒரு மொராக்கோச் சமூகம் வளர்ந்தது. இருந்தும் பெரிய திருப்பம் 1990ஆம் ஆண்டுச் சட்டம்தான். அதன் கீழ் வந்த பன்முகத்தன்மை விசா, குலுக்கல் முறையில் 1995 முதல் நடைமுறைக்கு வந்தது. உறவினரோ முதலாளியோ சிபாரிசு செய்யத் தேவையில்லை. பள்ளிப்படிப்பு முடித்திருந்தால் விண்ணப்பிக்கலாம். காசாபிளாங்காவின் புறநகரிலிருந்தும் சிற்றூர்களிலிருந்தும் இளைஞர்கள் ஆண்டுதோறும் பெயர் போட்டார்கள். குலுக்கலில் வென்றவர் மனைவியையும் மணமாகாத பிள்ளைகளையும் கூட்டிவரலாம் என்பது இங்கே கவனிக்க வேண்டிய விதி. மாமியார், நாத்தனார், சித்தி, பக்கத்து வீட்டுக்காரி யாரும் அந்த விசாவில் அடங்கமாட்டார்கள். ரமலான் வேலையைப் பங்கிட்டுக்கொண்டிருந்த பெண்களின் பெரிய வட்டத்திலிருந்து ஒருத்தி மட்டும் பிரிந்து போனாள்.

இவர்கள் வந்த ஆண்டுகளில் ரமலான் எந்தப் பருவத்தில் விழுந்தது என்பதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. என் வாதத்துக்கு அதுதான் நடுத்தூண். சந்திர நாட்காட்டியின்படி நகரும் ரமலான் ஆண்டுக்குப் பதினொரு நாள் முன்னே வருகிறது. முப்பத்து மூன்று ஆண்டுகளில் எல்லாப் பருவங்களையும் சுற்றி முடிக்கும். 1995இல் அது பிப்ரவரித் தொடக்கத்தில் வந்தது. 1997 ஜனவரியில் வந்தது, அதே ஆண்டின் கடைசி நாளை ஒட்டி மறுபடியும் வந்தது. 1998, 1999 இரண்டிலும் டிசம்பர். பாஸ்டனில் டிசம்பரில் சூரியன் மாலை நாலேகால் மணிக்கே மறைந்துவிடும். நோன்பின் நீளம் குறைவு, பசியும் தாங்கக்கூடியது. ஆனால் நோன்பு திறக்கும் நேரம் வேலை நேரத்தின் நட்டநடுவில் விழுந்தது. உணவகத்தில் பாத்திரம் கழுவியவர், விடுதியில் அறை துடைத்தவர், டாக்ஸி ஓட்டியவர் எல்லோரும் சட்டைப்பையில் நாலு பேரீச்சம்பழத்தை வைத்துக்கொண்டு நின்ற இடத்தில் நோன்பு திறந்தார்கள். மொராக்கோவில் அதே டிசம்பரில் அலுவலகம் மூணு மணிக்கு மூடி, தெரு காலியாகி, பீரங்கி முழங்கும்போது குடும்பம் முழுவதும் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கும். அந்தத் தலைமுறையின் முதல் பத்தாண்டில் அமெரிக்காவில் ஃப்தூர் என்ற நோன்பு திறப்பு உணவு ஒரு குடும்ப வேளையாகவே இருக்கவில்லை. பிள்ளைக்கு ஒரு நேரம், தாய்க்கு ஒரு நேரம், இரவு பத்து மணிக்கு வந்து சூடாக்கிச் சாப்பிடும் தகப்பனுக்கு ஒரு நேரம் என்று அது சிதறிக் கிடந்தது.

பின் மாதம் மெல்ல நகர்ந்தது. 2010இல் ஆகஸ்ட், 2015இல் ஜூன் 18, 2016இல் ஜூன் 6. ஜூன் மாத பாஸ்டனில் சூரியன் இரவு எட்டரை மணியை நெருங்கித்தான் மறைகிறது. ஃபஜ்ர் என்ற விடியல் தொழுகை நேரத்திலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய பதினேழு மணி நேர நோன்பு. உடம்புக்கு மிகக் கடினமான ஆண்டுகள் அவை. ஆனால் எட்டரை மணிக்கு எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். ஜூன் கடைசியில் பள்ளி விடுமுறையும் சேர்ந்தது. குலுக்கல் விசாவில் வந்தவர்கள் இதற்குள் சொந்த வீடோ விசாலமான வாடகை வீடோ பார்த்துக் குடியேறியிருந்தார்கள். பிள்ளைகள் நோன்பு வைக்கும் வயதை எட்டியிருந்தார்கள். மாலை நாலு மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால் மேசை நிறையச் சமைக்க அவகாசம் கிடைத்தது. இன்று மொராக்கோ அமெரிக்க ரமலான் என்றதும் மனதில் எழும் நிறைந்த மேசை, ஒரே நேரத்தில் பேரீச்சம்பழத்தை எடுக்கும் பல கைகள், நள்ளிரவு வரை நீளும் பேச்சு, எல்லாம் உறுதிப்பட்டது இந்தக் கோடை ஆண்டுகளில்தான் என்று நான் கருதுகிறேன். அக்கரையிலிருந்து அப்படியே தூக்கி வந்த பழக்கமாக இருந்திருந்தால் 1997இலேயே அது முழுசாக இருந்திருக்க வேண்டும். அன்றைய வேலை நேரம் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

அந்த மேசைக்கு வருவோம். அதன் நடுநாயகம் ஹரீரா. தமிழ் முஸ்லிம் வீட்டில் நோன்புக் கஞ்சிக்கு எந்த இடமோ அந்த இடம் ஹரீராவுக்கு. கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட்டுத் தோலை விரலால் நசுக்கி எடுக்க வேண்டும். பொடியாக நறுக்கிய ஆட்டிறைச்சியை வெங்காயம், இஞ்சிப்பொடி, மிளகு, மஞ்சளோடு வதக்கி, பருப்பும் தக்காளியும் கொத்துமல்லியும் செலரி இலையும் சேர்த்துக் கொதிக்கவிட்டு, ஸ்மென் என்ற முதிர்ந்த வெண்ணெயை ஒரு கரண்டி விடுவார்கள். கடைசியில் வருவதுதான் கைப்பக்குவம். கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்த தத்விராவை ஒரு கையால் நூல்போல ஊற்றிக்கொண்டே மறு கையால் அடிபிடிக்காமல் கிண்ட வேண்டும். கை நின்றால் கட்டி தட்டும். ஊற்றுவது வேகமானால் கூழாகிவிடும். அமெரிக்கக் கடையில் கிடைக்கும் செலரி தடித்த தண்டு, நீர்ச்சத்து மிகுந்தது. மொராக்கோவில் கிடைப்பது மெல்லிய தண்டும் காரமான இலையுமாக வேறு மாதிரி. அதனால் அமெரிக்க வீட்டில் தண்டை ஒதுக்கி உள்குருத்து இலைகளை மட்டும் பொறுக்கிப் போடுகிறார்கள். கொண்டைக்கடலை டின்னிலிருந்து வருகிறது, தக்காளியும் பெரும்பாலும் டின்னிலிருந்துதான். டின்னைத் திறந்துவிட்டால் அது எப்படி அசல் ஹரீரா ஆகும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

அசல் என்பதை எங்கே தேடுவது? ஹரீராவுக்குச் சிவப்பு நிறம் கொடுக்கும் தக்காளி அமெரிக்கக் கண்டத்துப் பயிர். கொலம்பஸுக்குப் பிறகு ஸ்பெயின் வழியாகத்தான் அது மொராக்கோவை எட்டியது. அதற்கு முன் வைத்த கெட்டிச் சாற்றுக்கு இந்தச் சிவப்பு இருந்திருக்க வழியில்லை. ஃப்தூருக்குப் பின் உயரத்திலிருந்து நுரைக்க ஊற்றும் புதினாத் தேநீர் மொராக்கோவின் அடையாளமாகவே ஆகிவிட்டது. அதன் இலை சீனாவிலிருந்து வருகிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் அரண்மனையின் அரிய பொருளாக இருந்த தேயிலை, 1850களில் கிரிமியப் போரால் பால்டிக் சந்தை அடைபட்டபோது, பிரிட்டிஷ் வணிகர்கள் தங்கள் சரக்கை டாஞ்சியருக்கும் எஸ்ஸவீராவுக்கும் திருப்பிவிட்டதால் எளியவர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. பேரீச்சம்பழத்தின் கதை இதற்கு நேர்மாறு. மெட்ஜூல் மொராக்கோவின் தாஃபிலால்த் பகுதிக்குச் சொந்தமான இனம். பாயூத் என்ற பூஞ்சை நோய் அந்நாட்டுத் தோப்புகளை அழித்துக்கொண்டிருந்தபோது, 1927இல் வால்ட்டர் ஸ்விங்கிள் என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் பூதெனிப் சோலையிலிருந்து 11 கன்றுகளை எடுத்துப் போனார். நெவாடாவில் அவை தனிமைப்படுத்தி வளர்க்கப்பட்டன, ஒன்பது பிழைத்தன. 1936இல் அவற்றின் சந்ததி கலிஃபோர்னியாவின் கோச்செல்லா பள்ளத்தாக்கிலுள்ள இண்டியோவுக்குப் போனது. அமெரிக்க மெட்ஜூல் தோப்புகளுக்கு இந்த ஒன்பது கன்றுகள்தான் மூலம். ரெவியரில் ஒரு மொராக்கோக் குடும்பம் கலிஃபோர்னிய மெட்ஜூலை வாயில் போட்டு நோன்பு திறக்கும்போது, அந்தப் பழம் அவர்களுக்கு எழுபது ஆண்டு முன்னரே அதே நாட்டிலிருந்து குடிபெயர்ந்தது. இவ்வளவு போக்குவரத்தைக் கண்ட மேசையில் டின் தக்காளியைக் காட்டி நகல் என்று தள்ளுவது வரலாற்றை மறப்பதாகும்.

பொருள் மாறியது சிறிய மாற்றம். உழைப்பு இடம் மாறியதுதான் பெரியது. ஷபாக்கியா என்ற தேன் பலகாரம் இதற்கு நல்ல சான்று. எள்ளை வறுத்து அரைத்து, சோம்பும் பட்டையும் குங்குமப்பூவும் ஆரஞ்சுப்பூ நீரும் கலந்து மாவு பிசைந்து, பல்சக்கரக் கத்தியால் செவ்வகமாக வெட்டி, அதற்குள் நீளவாக்கில் நாலைந்து கீறல் போட்டு, கீற்றுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக நடுவிரலில் கோத்து உள்ளிருந்து வெளியே திருப்பினால் ரோஜாபோல் மடியும். அதைப் பொரித்து, சூடாறும் முன் வெதுவெதுப்பான தேனில் முக்கி, எள் தூவ வேண்டும். ஒரு ரமலானுக்குக் கிலோக்கணக்கில் தேவைப்படும் இந்தப் பண்டத்தை யாரும் தனியாகச் செய்ததில்லை. ஷஃபானில் அக்கம்பக்கத்துப் பெண்கள் ஒன்றுகூடி, ஒருத்தி பிசைய ஒருத்தி வெட்ட ஒருத்தி பொரிக்கச் செய்தார்கள்; இன்று என் வீட்டுக்கு, நாளை உன் வீட்டுக்கு என்பதுதான் கணக்கு. குலுக்கல் விசா பிரித்து எடுத்த ஒருத்திக்கு அந்தக் கூட்டம் கிடைக்காமல் போனது. சமையலறை என்றுமே பெண்ணின் தோளில்தான் இருந்தது, இதில் புதிதாக என்ன என்று கேட்கலாம். பாரம் என்றும் இருந்தது. பங்காளிகள் இருந்தார்கள் என்பதுதான் வித்தியாசம். அதோடு அங்கே கணவனும் பிள்ளைகளும் அரசின் நேரக்குறைப்பால் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். இங்கே அவளே சம்பள வேலை பார்த்துவிட்டு வந்து மாவில் கை வைக்கிறாள். கூட்டம் இல்லாத இடத்தை வேறு பல வழிகள் நிரப்பின: சனிக்கிழமைதோறும் கூடும் சிநேகிதிகள், தாயிடம் கேட்டுக் கேட்டுச் செய்யும் காணொளி அழைப்பு, ஆர்டர் எடுத்துச் செய்து கொடுக்கும் பெண்கள், அஸ்டோரியாவின் ஸ்டெய்ன்வே தெருக் கடைகள். பண்டத்தை விலைக்கு வாங்குவதைச் சோம்பேறித்தனம் என்று பழிக்கும் குரலை நான் ஏற்கவில்லை. ஃபர்ரானுக்குத் தட்டை அனுப்பிக் கூலி கொடுத்த மரபின் தொடர்ச்சிதான் இதுவும்.

இதைவிட வலுவான ஒரு மறுப்பு உண்டு. மொராக்கோவே இப்போது பழைய மொராக்கோ இல்லையே. காசாபிளாங்காவில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவர் நஃபாரின் எக்காளத்தைக் கேட்பதில்லை, கைபேசியில் அலாரம் வைக்கிறார், வீட்டு அடுப்பில் ரொட்டி சுடுகிறார், ஷபாக்கியாவைக் கடையில் வாங்குகிறார், ஃப்தூர் நேரத்தில் தொலைக்காட்சியின் ரமலான் தொடர்களைப் பார்க்கிறார். ஆகவே நான் குடிபெயர்வின் விளைவு என்று சொல்வது உண்மையில் நவீன வாழ்க்கையின் விளைவு என்பது அந்த மறுப்பு. பாதி சரி. எக்காளமும் பொது அடுப்பும் அங்கேயும் அருகிவருகின்றன. ஆனால் ஊர் என்பது எக்காளம் மட்டுமா? மாலையில் எல்லாச் சாலைகளும் ஒரே கணத்தில் வெறிச்சோடுவதும், பின் நள்ளிரவில் நிரம்புவதும், நாட்டின் கடிகாரமே நகர்வதும் அங்கே இன்றும் நடக்கின்றன. 2020 ரமலான் இதற்குச் சோதனையாக அமைந்தது. பெருந்தொற்றால் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன; மொராக்கோ அரசு அந்த மாதம் முழுக்க மாலை 7 மணி முதல் காலை 5 மணி வரை ஊரடங்கு போட்டது. தராவீஹ் என்ற ரமலான் இரவுத் தொழுகை வீட்டுக் கூடத்துக்குள் வந்தது, விருந்தாளி வரவில்லை, இரவுத் தெரு அடங்கியது. ஊர் அங்கே ஏற்கெனவே மறைந்துவிட்டிருந்தால் அது இல்லாமல் போனது யாருக்கும் உறைத்திருக்காது. அமெரிக்காவின் மொராக்கோ வீடுகளுக்கோ வெளியுலகம் இல்லாத ரமலானை நடத்துவது புதிய வேலை இல்லை. பல ஆண்டு அனுபவம் அவர்களிடம் இருந்தது.

அமெரிக்க நகரங்களும் இஸ்லாமியருக்கு ஒரு தெருவைக் கொடுத்துவருகின்றன என்பதையும் மறைக்கக் கூடாது. மிச்சிகனின் ஹாம்ட்ராம்க் நகர்மன்றம் 2004இல் ஒலிபெருக்கியில் பாங்கு என்ற தொழுகை அழைப்பைச் சொல்ல வழிவிட்டது. 2023 ஏப்ரலில் மினியாபொலிஸ் ஐவேளைப் பாங்குக்கும் இடம் கொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூயார்க் நகரம், வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கும் ரமலானில் மஃரிப் என்ற அந்தித் தொழுகைக்கும் பாங்கு ஒலிக்கத் தனி அனுமதி தேவையில்லை என்று அறிவித்தது. நியூயார்க்கின் பொதுப் பள்ளிகளுக்கு இரண்டு பெருநாள்களிலும் விடுமுறை என்று 2015இல் முடிவானது. இவை நெடுநாள் முயற்சியின் பலன்கள். குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. ஆனால் இந்தத் தெருவும் பள்ளிவாசலும் தருவது முஸ்லிம்கள் எல்லோருக்கும் பொதுவான ரமலான். பள்ளிவாசலின் நோன்பு திறப்பில் ஒருநாள் பிரியாணி, மறுநாள் கப்ஸா, இன்னொரு நாள் சோமாலியச் சமோசா. பிறை விஷயத்திலும் அப்படித்தான். ஃபிக்ஹ் என்ற மார்க்கச் சட்டத்தைக் கவனிக்கும் வட அமெரிக்கக் குழு 2006இல் வானியல் கணக்கை ஏற்றுக்கொண்டது; வேறு பள்ளிவாசல்கள் கண்ணால் பார்த்தால்தான் ஒப்புக்கொள்கின்றன; மொராக்கோ அமைச்சகத்தின் அறிவிப்பு இன்னொரு நாளைச் சொல்லக்கூடும். தாய்நாட்டில் எந்தக் குடும்பமும் யோசிக்கத் தேவையே இல்லாத இந்தக் கேள்வியை இங்கே தகப்பனும் தாயும் உட்கார்ந்து பேசி முடிவுசெய்கிறார்கள். முஸ்லிமாக இருப்பதற்கு வெளியே இடம் கிடைத்துவிட்டது. மொராக்கோக்காரராக இருப்பதற்கு வீட்டை விட்டால் வேறு இடம் அரிது.

பொறுப்பு வீட்டுக்கு வந்ததில் இழப்பு மட்டும் நேரவில்லை. மொராக்கோவின் தண்டனைச் சட்டம் 222ஆம் பிரிவு, முஸ்லிம் என்று அறியப்பட்டவர் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் நோன்பை முறித்தால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. 2009இல் முகம்மதியா நகரில் பகலில் உணவருந்தும் போராட்டம் ஒன்றை நடத்தச் சில இளைஞர்கள் முயன்றபோது காவல்துறை தடுத்தது; அந்தச் சட்டத்தைப் பற்றிய விவாதம் இன்னும் ஓயவில்லை. ஊரின் அரவணைப்பும் ஊரின் கட்டாயமும் அங்கே ஒரே கயிற்றின் இரு முனைகள். அமெரிக்காவில் பன்னிரண்டு வயதுப் பெண் பள்ளி உணவுக்கூடத்தில் எதையும் வாயில் வைக்காமல் இருந்தால், அவளைப் பார்க்க யாரும் இல்லை. சாப்பிட்டாலும் கேட்க யாரும் இல்லை. அவளை நோன்புக்குப் பிடித்து வைத்திருப்பது வீட்டில் கேட்ட வார்த்தைகளும் சொந்த விருப்பமும்தான். அதனால் வீடு காரணம் சொல்லக் கற்றுக்கொண்டது. ஏன் பசித்திருக்க வேண்டும் என்று கேட்கும் பிள்ளைக்கு அதட்டல் பதிலாகாது. ரமலானின் 27ஆம் இரவில் முதன்முதலாக நோன்பு பிடித்த குழந்தைக்குக் கஃப்தான் உடுத்தி, மருதாணி வைத்து, மணப்பெண்போல் அமர்த்திப் படம் எடுக்கும் வழக்கம் மொராக்கோ நகரங்களில் உண்டு. அமெரிக்காவில் அந்தச் சடங்கின் கனம் கூடியிருக்கிறது என்று நினைக்கிறேன். அங்கே குழந்தை ஊரோடு சேர்கிறது. இங்கே அது, சுற்றியுள்ள பெரும்பான்மை செய்யாத ஒன்றைத் தானாகச் செய்து முடித்திருக்கிறது.

பருவச் சக்கரம் இதற்குள் ஒரு முழுச் சுற்றை நெருங்கிவிட்டது. 2025இல் ரமலான் மார்ச் 1ஆம் தேதி தொடங்கியது. 2030இல் இருமுறை வரும்: ஜனவரித் தொடக்கத்தில் ஒன்று, டிசம்பர்க் கடைசியில் இன்னொன்று. பாஸ்டனின் நாலேகால் மணிச் சூரியன் மறுபடியும் வேலை நேரத்தின் நடுவே மறையப் போகிறது. கோடை மேசையில் வளர்ந்த பிள்ளைகள் அப்போது மருத்துவமனையிலோ அலுவலகத்திலோ பள்ளியிலோ வேலையில் இருப்பார்கள். எட்டரை மணிக்கு ஒன்றுகூடிப் பழகிய குடும்பம் நாலேகாலுக்கு ஒன்றுகூட முடியாது. எவ்வளவு கைப்பக்குவம் இருந்தாலும் சமையலறை இதைத் தீர்க்காது. 1997இல் அவர்களின் தகப்பன்மார் யாரிடமும் கேட்காமல் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றே நோன்பு திறந்தார்கள். பிள்ளைகளுக்கு 1964ஆம் ஆண்டுக் குடிமை உரிமைகள் சட்டத்தின் ஏழாம் பகுதி தெரியும். சமய வழக்கத்துக்கு நிறுவனம் நியாயமான வசதி செய்துதர வேண்டும் என்ற அதன் விதிக்கு உச்ச நீதிமன்றம் 2023இல் கூடுதல் பலம் கொடுத்திருக்கிறது என்பதும் தெரியும். பதினைந்து நிமிட இடைவேளையையும் பேரீச்சம்பழம் வைக்க ஒரு மேசையையும் அவர்கள் முதலாளியிடம் கேட்பார்கள். முப்பது ஆண்டுகளாக வீடு தனியே சுமந்துவந்த வேலையில் ஒரு பங்கு அப்போது மறுபடியும் வெளியே போகும்.